ராஜாவுக்கு ‘ங்க’ போட்ட வகுப்பு

துறைக்குப் புதிதாக வரும் மூன்று பேருக்கும் வணக்கம்.

இந்த மாதிரி எழுதுவதெல்லாம் பணி ஓய்வு பெற்றவர்கள் செய்கிற வேலை. எனக்கு இப்போதுதான் முப்பத்திரண்டு. தாராபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, அடுத்த வாரம் அங்கே போய்ச் சேரப்போகிறேன், அவ்வளவுதான். ஆனால் நம் துறைத் தலைவர் அம்மா விடவில்லை. இத்தனை வருசம் இங்கே இருந்துவிட்டுச் சும்மா போனால் எப்படி, வருகிறவர்களுக்கு நாலு விஷயம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் ஒன்றைச் சொன்னால் செய்துவிட வேண்டும். இதுவே முதல் விஷயம். இன்னும் இரண்டை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்றைத்தான் நான் எழுதப்போகிறேன்.

எந்த அறையில் ப்ரொஜெக்டர் வேலை செய்யும், இன்டர்னல் மார்க்கை எப்போது ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல வருவது மூன்றாம் ஆண்டில் நடத்தும் ஒரு விருப்பப் பாடத்தைப் பற்றி. ‘ஆங்கிலக் கவிதையில் அரசர்கள்’ என்று பெயர். உங்களில் ஒருவர் கைக்கு அது வரப்போகிறது.

நான் சேர்ந்த புதிதிலேயே அந்தப் பாடத்தை எனக்கு ஒதுக்கினார்கள். வேறு யாரும் எடுக்க விரும்பாததால்தான் புது ஆளுக்கு வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சந்தையில் மூட்டை இறக்குபவர். வேலை கிடைத்த அன்று, என்ன பாடம் நடத்தப்போகிறேன் என்று கேட்டார். இங்கிலீஷ்காரர்கள் அவர்களுடைய ராஜா ராணியைப் பற்றிப் பாடிய பாட்டு என்றேன். அப்பா திரும்பக் கேட்டார்.

“அவிய ராஜாவ நம்ம பசங்க எதுக்குடா படிக்கோணும்?”

அதற்குப் பதில் கிடைத்தது மூன்றாவது வருசம், துறை விழா அன்று, மேடையில். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த மூன்றாவது வருசம், முதல் நாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜேஷ், ராஜேஸ்வரி, அரசு, ராணி, இளவரசி, ராஜ்குமார் என்று ஒரு தர்பாரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அரசர்களைப் பற்றிப் படிக்க இதைவிடத் தகுதியான கூட்டம் கிடைக்காது என்று சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அவன் பெயர் கோகுல். அந்தியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். என்றைக்கும் சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பான்.

“நான் மட்டும் குடிமக்களுங்களா சார்?” என்றான்.

அரசனைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். ‘சாவரின்’ என்று எழுதியதும் முன் பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது சவரன்தானுங்களே சார்?” என்றாள் ஒருத்தி. ஆமாம், அதேதான். ராஜாவின் தலை பொறித்த தங்கக் காசுக்கு அவர்கள் ராஜாவின் பெயரையே வைத்தார்கள், அது கப்பலேறி வந்து நம் நகைக்கடையில் சவரன் ஆகிவிட்டது என்றேன். வகுப்புக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கவிதையை எடுத்தாலும், இந்த ராஜா பவுனா, கவரிங்கா என்பதுதான் முதல் கேள்வி.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: வேடிக்கையாகத் தெரிந்தாலும் அது நல்ல கேள்வி. ஆங்கிலக் கவிதையில் ராணியை நிலா என்று பாடியவர்கள் உண்டு. தேவதை என்றவர்கள் உண்டு. அரண்மனையில் சம்பளம் வாங்கிக்கொண்டு பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் தவறாமல் வாழ்த்துப்பா எழுதியவர்கள் உண்டு. அதே ஊரில், அதே காலத்தில், ராஜாவின் தொப்பையையும் கடனையும் கிண்டலடித்தவர்களும் உண்டு. தலை வெட்டப்பட்ட ராஜாவுக்காக அழுதவர்களும், வெட்டியது சரிதான் என்றவர்களும் இருந்தார்கள். எது உரசிப் பார்த்தாலும் நிற்கும், எது இரண்டு மழைக்குக் கறுத்துவிடும் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தப் பாடம். என் மாணவர்கள் அதைக் கழுத்துச் சங்கிலியை வைத்தே புரிந்துகொண்டார்கள்.

புகழ்ந்து பாடும் கவிதைகளில்தான் அவர்களுக்குப் பொறுமை போனது. பக்கம் பக்கமாக எதற்கு இவ்வளவு புகழ்ச்சி என்று எல்லோரும் சலித்துக்கொண்ட ஒரு மதியம், கோகுல் எழுந்து நின்றான். அவன் அப்பா அந்தியூர்ச் சந்தையில் குதிரை விற்பவர்.

“எங்கப்பா குதிரையப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டாருங்க சார். வாங்க வந்தவரத்தான் புகழுவாரு. உங்க ஒசரம் என்ன, உங்க நடை என்ன, உங்களுக்குன்னே பொறந்த குதிரைங்கன்னு. இந்தப் பாட்டும் அதேதானுங்க. எங்கியோ ஒரு மூலையில எதையாச்சும் கேட்டிருப்பாங்க பாருங்க.”

தேடினோம். இருந்தது. ராணியை நிலாவாக்கி, கடலாக்கி, மலையாக்கிய கவிஞர் கடைசிப் பத்தியில், என்னை மறந்துவிடாதீர்கள் என்று மெதுவாக ஒரு விண்ணப்பத்தைச் சொருகியிருந்தார். அதற்குப் பிறகு எந்த வாழ்த்துப்பா வந்தாலும் வகுப்பே முதலில் கடைசிப் பத்திக்குத் தாவி, ‘கேப்பு’, அதாவது கவிஞர் எதையோ கேட்கிற வரி, எங்கே இருக்கிறது என்று தேடும்.

தொல்லை வந்தது மொழிபெயர்ப்பில். கவிதையைத் தமிழில் சொல்லுங்கள் என்றால், அவர்களால் ராஜாவை ‘நீ’ என்று சொல்ல முடியவில்லை. வாய் வரவில்லை. தலை வெட்டப்படும் ராஜாவைப் பற்றிய ஒரு பாட்டை ராஜேஸ்வரி தமிழில் சொன்னபோது, கோடரியோடு நின்றவன், “ஏனுங்க ராஜா, சித்த கழுத்தக் குனிச்சு வெக்கிறீங்களா” என்று கேட்டான். கொலைகாரனுக்கும் கொங்கு நாட்டு மரியாதை. சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. நான் அதைத் திருத்தவில்லை. அந்தச் சாவு அந்த மரியாதையில் இன்னும் பயங்கரமாக இருந்தது என்று எனக்குப் பட்டது.

அப்போது இளவரசி ஒரு கேள்வி கேட்டாள். கல்லூரிப் பேருந்து கடைசியாகத் திரும்பும் ஊரிலிருந்து வருபவள் அவள். அப்பா கோழிப்பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டுகிறார். அவள் வீட்டிலும் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பாள், சத்தம் வராது. சொல் கிடைத்ததும்தான் வாய் திறப்பாள்.

“இங்கிலீசுல நம்ம ‘ங்க’ எங்க சார் இருக்குது?”

நல்ல கேள்வி என்று சொல்லி நான் சாக்பீஸை எடுத்தேன். மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் முழுக்கத் தேர்வு. கேள்விக்கான பதிலை அவர்கள் எனக்காகக் காத்திருக்காமல் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். ‘யூ’ எல்லோருக்கும் பொதுவாக வருகிறது, பேருந்து நடத்துனருக்கும் வருகிறது, நாய்க்குட்டிக்கும் வருகிறது. ஆனால் பழைய கவிதைகளில் ராஜாவையும் கடவுளையும் கூப்பிடும்போது மட்டும் ‘தௌ’ என்று ஒன்று வருகிறது. அப்படியானால் அதுதான் ‘ங்க’. கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு நேர்ந்திருக்காது. ‘ங்க’ இல்லாத ஒரு மொழி உலகத்தில் இருக்க முடியும் என்று நினைத்திருந்தால்தானே!

இந்த முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்தது பிறகுதான்.

அந்த வருடம் துறை விழா பங்குனியில் வந்தது. கல்லூரியின் செயலாளர் ஐயாவை உங்களுக்கு இனிமேல்தான் அறிமுகம் செய்வார்கள். தோட்டத்தில் மஞ்சள் போட்ட குடும்பம், பிறகு நூல் மில் வைத்தது, பிறகு இந்தக் கல்லூரி. வேட்டியில்தான் வருவார். வாட்ச்மேனையும் “வாங்க”, முதல் வருடப் பையனையும் “வாங்க” என்றுதான் கூப்பிடுவார். அறக்கட்டளை சார்பில் ஆண்டுக்கு ஒருவருக்கு எம்.ஏ. படிக்கக் கட்டணமில்லாத இடம் கொடுப்பார்கள். யாருக்கு என்பதைத் துறை விழா முடிந்ததும் அவரே சொல்வார். நாங்கள் இளவரசியின் பெயரைக் கொடுத்திருந்தோம்.

அவளுக்கு அந்த இடம் ஏன் முக்கியம் என்பது எனக்குத் தெரியும். அவள் அப்பா ஒருநாள் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க வந்திருந்தார். மில் ஆபீஸில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், இலவசமாகக் கிடைத்தால் மகள் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். கோபமாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. லாரி எந்த ஊர் வழியாகப் போகும் என்று சொல்வதுபோலச் சொன்னார். போகும்போது, “கெடைச்சுதுன்னா நல்லாத்தானுங்க இருக்கும்” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

விழாவுக்காக மாணவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். அரண்மனைக் கவிஞர்கள் பாணியில் ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்துப்பா எழுதி, செயலாளர் ஐயாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது. எழுதியது இளவரசி. என்னிடம் காட்டினாள். இரண்டு இடத்தில் இறந்தகாலம் சறுக்கியிருந்தது, திருத்தினேன். வரிக்கு வரி ‘தௌ’ இருந்தது. பழைய பாணியில் எழுதுகிறாள், பாணி சரியாக வந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். நன்றாகவே இருந்தது. ராணிக்கு நிலா என்றால் இவருக்கு போர்வெல் தண்ணீர். கடலுக்குப் பதிலாக, கடைசி ஊர்வரைக்கும் வரும் மஞ்சள் பேருந்து. நான் கடைசிப் பத்தியைப் பார்த்தேன், அங்கேயும் பேருந்துதான் இருந்தது, புன்னகையோடு கொடுத்துவிட்டேன்.

சிறப்பு விருந்தினராகச் சென்னையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர், நகைச்சுவையாகப் பேசுபவர். இளவரசி கவிதையை வாசித்தாள். நடுங்காமல் வாசித்தாள். செயலாளர் ஐயா சட்டத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் அலுவலகக் கடிதம் அளவுக்குத்தான் வரும், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. இளவரசி பொன்னாடையை எடுத்துக் கொடுப்பதற்காக மேடை ஓரத்தில் நின்றாள். நான் தொகுப்பாளர், மைக் என்னுடையது.

சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். கவிதையைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, ஒரு சிறிய வேடிக்கை சொல்கிறேன் என்றார். ‘தௌ’ என்றால் மரியாதைச் சொல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அதற்கு ‘நீ’ என்றுதான் பொருள், ‘யூ’தான் ‘நீங்கள்’. ஆக இந்தச் சின்னப் பெண் உங்கள் செயலாளரை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை “நீ வா, நீ போ” என்று பாடியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சென்னையில் இதற்குக் கைதட்டியிருப்பார்கள். அவர் கைதட்டலுக்காக நிறுத்தினார்.

அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. காபி தட்டோடு வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். உங்களில் வெளியூர்க்காரர்கள் இருக்கலாம் என்பதால் இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பெரியவர் ஒருவரை நாலு பேர் முன்னால் ‘நீ’ என்பது, வாய் தவறிச் சொல்லும் விஷயம் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் ஒரு பந்தியில் உட்காராமல் போவது உண்டு.

செயலாளர் ஐயா மடியில் இருந்த சட்டத்தை எடுத்து, எழுத்து கீழே இருக்கும்படி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். கண்ணாடி மேசையில் பட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

சிறப்பு விருந்தினர் எதற்கு இந்த அமைதி என்று புரியாமல் உரையைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன் வரிசையில் துறைத் தலைவர் அம்மா இரண்டு கையையும் கூப்பி, மன்னிப்புக் கேளுங்கள் என்று எனக்குச் சைகை காட்டினார்.

இந்த இடத்தில் நிற்கும்போது உங்களுக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று சொல்கிறேன். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தோன்றும். அதுதான் சுலபம்; மாணவிக்குத் தெரியாது, சின்னப் பிள்ளை, பெரிய மனது பண்ணுங்கள் என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். நான் முதலாண்டு படித்தபோது ஒரு கூட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொன்னேன். எங்கள் ஆசிரியர் எழுந்து, முதல் தலைமுறைப் பையன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எனக்காக அழகாக மன்னிப்புக் கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் யார் முன்னாலும் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் தோன்றும், படித்ததையெல்லாம் எடுத்து விடலாம் என்று. எனக்கு விஷயம் தெரியும். விருந்தினர் சொன்னது பேச்சு மொழிக்குச் சரி. அரண்மனையில் நேரில் நின்று ராஜாவை யாரும் ‘தௌ’ என்றிருக்க மாட்டார்கள். ஆனால் கவிதைக்குள் அதே ராஜாவைத் தாராளமாக அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கொடுத்தால் விளக்கிவிடுவேன். விளக்கினால் நான் ஜெயிப்பேன், சென்னைக்காரர் தோற்பார், இளவரசி அதே மூலையில் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மைக்கை வாய்க்கருகே கொண்டுபோய் “ஐயா” என்று ஆரம்பித்துவிட்டேன். அப்போது அவளைப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்துத்தான் பார்த்தேன். அழவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது.

“ஐயா, எழுதினவங்களே சொல்லட்டுமுங்க” என்று சொல்லிவிட்டு, மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் நகர்ந்தேன். துறைத் தலைவர் அம்மா கூப்பிய கையைப் பிரித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

செயலாளர் ஐயா நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, அவங்க சொல்றது நெசந்தானுங்களா? என்னைய நீன்னுதான் எழுதியிருக்கீங்களா?”

“ஆமாங்கய்யா.”

பின் வரிசையில் யாரோ ‘அடப் பாவமே’ என்றது கேட்டது. கோகுலாகத்தான் இருக்கும்.

“நேர்ல பாத்தா ஐயான்னுதானுங்க கூப்புடுவேன். பாட்டுல வேறீங்க” என்றாள். “எங்கூர் மாரியாத்தாள நாங்க நீன்னுதானுங்க கூப்புடறோம். நீதான் ஆத்தா மழையக் குடுக்கோணும்னுதான் சொல்றோம். நீங்க கொஞ்சம் மழை குடுங்கன்னு கேட்டமுன்னா, அவ நம்மள வெளியூர்க்காரங்கன்னு நெனச்சுக்குவாளுங்க. ராஜாவப் பாடினவங்களும் அப்படித்தானுங்க பாடியிருக்காங்க. கேக்கறதுக்கு ஒண்ணு இருந்தா ‘நீ’ன்னு வந்துருமுங்க.”

ஐயா அதை யோசித்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“அப்ப உங்களுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. கடைசி வரியில இருக்குதுங்க.”

அவர் கவிழ்த்து வைத்த சட்டத்தை நிமிர்த்தினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடைசி வரியைத் தேடினார். பிறகு சட்டத்தைப் பக்கத்தில் இருந்த சிறப்பு விருந்தினரிடம் நீட்டி, நீங்களே தமிழில் சொல்லுங்கள் என்றார். மேசை மைக் அவருக்கு முன்னால் இருந்தது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, நிதானமாக மொழிபெயர்த்தார்.

“கடைசி ஊர்வரைக்கும் வருகிற உன்னுடைய…” என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் ஐயாவின் முகத்தைப் பார்த்தார். “உங்களுடைய பேருந்தில், இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு என்னையும் ஏற்றிச் செல்…” என்று மறுபடி நின்றார். “செல்லுங்கள்” என்று முடித்தார்.

அரங்கம் முழுவதும் சிரித்தது. சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். மேடையேறி இரண்டு மணி நேரத்தில் அவர் வாயிலும் ‘ங்க’ வந்துவிட்டது என்பதுதான் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஐயா சிரிக்கவில்லை, ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது. மேசை மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எங்கூட்டுல தொட்டில்ல கெடக்கற கொழந்தையவே வாங்க போங்கன்னுதானுங்க கூப்புடறது. எங்கம்மா கடைசி வரைக்கும் என்னைய ‘சாப்புடுங்க சாமி’ன்னுதான் சொன்னாங்க. கல்யாணத்துக்கப்புறம் ஊட்டுல இருக்கறவங்க சொல்லவே வேண்டாம்.” அரங்கம் மறுபடி சிரித்து ஓயும்வரை காத்திருந்தார். “இந்த வயசுக்கு என்னைய நீன்னு கூப்புட்ட மொத ஆளு நீங்கதானுங்க அம்மணி.”

இளவரசி பொன்னாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பஸ்சு வருமுங்க. ஏறிக்கோங்க.”

எம்.ஏ. இடத்தைத்தான் சொல்கிறார் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. துறைத் தலைவர் அம்மாதான் முதலில் கைதட்டினார். கதவருகே நின்றிருந்த காபி நகர ஆரம்பித்தது.

அன்று மாலை அரங்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். ‘தௌ’ என்றால் ‘நீ’ என்று தெரிந்து, இவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறாய், எனக்கே சொல்லவில்லையே என்றேன். அவள் கோகுலைப் பார்த்தாள். கோகுல் கூரையைப் பார்த்தான்.

“இல்லீங்க சார். ‘ங்க’ன்னு நெனச்சுத்தானுங்க எழுதினேன்.”

“அப்புறம்?”

“அவங்க சொன்னப்பத்தானுங்க நீன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சதுக்கப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நீன்னு சொல்றதுதான் சரின்னு பட்டுச்சுங்க.”

அந்த மேடையில், அந்த அமைதியில், எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தான் எழுதியதை அவள் புதிதாக வாசித்திருக்கிறாள். அதுவும் சரியாக வாசித்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டிருந்தாலும் சரி, விளக்கியிருந்தாலும் சரி, அது நடந்திருக்காது.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மாணவர் ஒருவர் நாலு பேர் முன்னால் தடுக்கி விழுந்தால், தூக்க ஓடுவதற்கு முன்னால் ஒருமுறை முகத்தைப் பாருங்கள். அழுகிறார் என்றால் மைக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உதடு அசைகிறது என்றால் கொடுத்துவிடுங்கள். வித்தியாசம் தெரிவதற்கு அதற்கு முந்தைய எட்டு மாதம் வகுப்பில் அவர்களைப் பார்த்திருக்க வேண்டும், கரும்பலகையை மட்டும் பார்த்திருக்கக் கூடாது. இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் வகுப்பில் மிச்சம் வைத்த பதிலை முடித்தேன். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘தௌ’தான் ‘நீ’, ‘யூ’ என்பது பலருக்கும், பிறகு பெரியவர்களுக்கும் ஆன சொல். போகப்போக யாருக்கு எதைச் சொல்வது என்ற பயத்தில் எல்லோருக்கும் ‘யூ’வே சொல்ல ஆரம்பித்து, ‘தௌ’வைச் சாமிக்கும் பாட்டுக்கும் விட்டுவிட்டார்கள். அதாவது இன்றைக்கு இங்கிலீஷ்காரர்கள் நாய்க்குட்டிக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறார்கள் என்றேன்.

“அப்ப அவங்களும் நம்ம கோயமுத்தூருக்காரங்கதானுங்க சார்” என்றான் கோகுல்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். நம்ம பசங்க அவிய ராஜாவ எதுக்குப் படிக்கோணும் என்று கேட்டீர்களே, மேலே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது, எப்போது கிண்டல் பண்ணுவது என்பதைத்தான் அந்தப் பாட்டெல்லாம் சொல்கின்றன என்றேன். அப்பா மோரை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “சந்தையில எனக்கும் அது ஒதவும்” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

இளவரசி எம்.ஏ. முடித்தார். அந்தப் பேருந்தில்தான் இரண்டு வருடமும் வந்தார். பிறகு கோயமுத்தூரில் வேலை பார்த்துக்கொண்டே கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார். முதல் முறை போய்விட்டது, இரண்டாவது முறை கிடைத்தது. கோகுல் இப்போது அப்பாவோடு குதிரை விற்கிறான். வாங்க வருபவரைப் பற்றி ஆங்கிலத்திலும் புகழ்கிறானாம்.

இதைப் படிக்கும் மூன்று பேரில் ஒருவருக்கு இந்தக் கதை முன்பே தெரியும். நான் சில இடங்களில் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று மற்ற இருவரிடமும் புகார் செய்யப்போகிறவரும் அவர்தான். திங்கட்கிழமை முதல் ‘ஆங்கிலக் கவிதையில் அரசர்கள்’ அவருடைய பாடம். மரியாதையாக ‘மேடம்’ என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். வகுப்புச் சாவியைக் கொடுத்த அன்றும் “வெச்சுக்கோங்க மேடம்” என்றுதான் சொன்னேன். இனி எங்கே பார்த்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் கேட்பதற்கு எனக்கு ஒன்று இருக்கிறது. அதனால் இந்த ஒரு முறை மட்டும்.

இளவரசி, பிள்ளைகள் ராஜாவுக்கு ‘ங்க’ போட்டால் சிரி, ஆனால் திருத்த அவசரப்படாதே. அந்த வகுப்பை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.